சிறு நாடுகளின் உயர்கல்வியில் பெண் ஆசிரியர் எண்ணிக்கை: ஒப்பீட்டு நெறியும் பழவேற்காட்டு ஏரிப்புற ஊர்களும்

உயர்கல்வி நிறுவனங்களில் கற்பிக்கும் பெண்கள் எத்தனை பேர் என்னும் வினாவிற்கு நாடுதோறும் ஒரு விழுக்காட்டை விடையாகத் தரும் அட்டவணைகளை யுனெஸ்கோவின் புள்ளியியல் நிறுவனம் நெடுங்காலமாக வெளியிட்டு வருகிறது. 2018ஆம் ஆண்டு நிலவரப்படி உலக அளவில் தொடக்கக் கல்வி ஆசிரியர்களில் 66 விழுக்காட்டினரும், இடைநிலைக் கல்வியில் 54 விழுக்காட்டினரும், உயர்கல்வியில் 43 விழுக்காட்டினரும் பெண்கள். படிநிலை உயர உயரப் பெண்களின் பங்கு குறைகிறது என்பது இவ்வெண்களிலிருந்து பெறப்படும் முதற்செய்தி, அதில் ஐயமில்லை. ஆயின் இதே அட்டவணையில் இறங்கி, மாலத்தீவு, பூட்டான், மொரீசியசு, செய்செல்சு, சமோவா போன்ற சிறு நாடுகளை ஒன்றோடொன்று வைத்து, இந்நாடு முந்தியது, அந்நாடு பிந்தியது என்று வரிசைப்படுத்தும்போது சிக்கல் எழுகிறது. அவ்வரிசை எதனை அளக்கிறது என்பதை விளக்குவதும், அவ்விளக்கத்தைத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கே அனுப்பம்பட்டு, பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தின் மீது பொருத்திப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

சிறு நாடுகளைப் பற்றிய பேச்சில் ஒரு தமிழ்நாட்டு மாவட்டம் ஏன் வருகிறது என்று வினவலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 37,28,104. மொரீசியசு நாட்டின் மக்கள்தொகையைப் போல் இது ஏறத்தாழ மூன்று மடங்கு. நாடு என்னும் பெயர் பெற்றமையால் ஒரு தீவு உலக அட்டவணையில் தனி வரி பெறுகிறது; மாவட்டம் என்பதனால் இப்பகுதி இந்தியா என்னும் ஒற்றை வரிக்குள் மறைகிறது. அளவால் ஒப்புமையுடையவற்றை ஒப்பிடுவதே முறையெனின், சிறு நாட்டுக்கு இணை வைக்கத்தக்கது இந்தியா அன்று, இந்தியாவின் ஒரு மாவட்டமோ ஒரு சிறு மாநிலமோ ஆகும்.

சிறு எண்ணின் ஆட்டம்

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டில் 15.98 இலட்சம் ஆசிரியர்கள் இருப்பதாகவும் அவர்களுள் 43.4 விழுக்காட்டினர் பெண்கள் எனவும் கூறுகிறது. இவ்வளவு பெரிய தொகையில் பெண்களின் பங்கு ஒரு விழுக்காடு மாற வேண்டுமாயின் ஏறத்தாழ 16,000 பணியிடங்களில் மாற்றம் நிகழ வேண்டும். அத்தகைய மாற்றம் நிகழ்ந்தால் அதற்குப் பின்னே ஒரு சமூகக் காரணம் இருக்கும் என்று துணிந்து தேடலாம்.

சிறு நாட்டில் நிலை வேறு. நாற்பது ஆசிரியர்களும் அவர்களுள் பதினெட்டுப் பெண்களும் உள்ள ஒரு தீவுக் கல்லூரியைக் கற்பனை செய்து கொள்வோம். பெண்களின் பங்கு 45 விழுக்காடு. ஓராண்டு, இரு பெண் ஆசிரியர்கள் முனைவர் பட்டம் பெற வெளிநாடு செல்கின்றனர். ஒப்பந்த முறையில் மூன்று அயல்நாட்டு ஆண்கள் பணியேற்கின்றனர். நாற்பத்தொருவரில் பதினாறு பேர், அதாவது 39 விழுக்காடு. மறு ஆண்டு சென்றவர் திரும்ப, வந்தவர் போக, மீண்டும் 45. நாட்டின் பெண்கல்வி நிலையில் யாதொரு மாற்றமும் இல்லை. அட்டவணையிலோ ஆறு விழுக்காட்டு வீழ்ச்சியும் ஆறு விழுக்காட்டு எழுச்சியும் பதிவாகும். இன்னும் சொல்லப்போனால், இங்கே வீழ்ச்சி என்று பதிவானது உண்மையில் இரு பெண்கள் உயர்பட்டம் நோக்கிச் சென்ற முன்னேற்றம். சிறு நாடுகள் பலவற்றுக்கு எல்லா ஆண்டுகளுக்கும் தரவு கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கொண்டால், தரவு கிடைத்த ஆண்டு எந்த ஆண்டு என்பதே ஒரு நாட்டின் தரவரிசையை முடிவு செய்துவிடும்.

எண்ணைச் சொல்லும் முறையும் கவனத்திற்குரியது. பெண்களின் பங்கை விழுக்காடாகச் சொல்வது ஒரு மரபு. நூறு ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது மற்றொரு மரபு. இந்தியாவில் 2014-15ஆம் ஆண்டில் நூறு ஆண் ஆசிரியர்களுக்கு 63 பெண் ஆசிரியர்கள் இருந்தனர். 2021-22இல் 77 பேர். பதினான்கு கூடியது என்று இதனை எழுதலாம். விழுக்காட்டில் மாற்றினால் அதே செய்தி, 38.6இலிருந்து 43.4 என ஐந்துக்கும் குறைவான உயர்வாகத் தோன்றும். இரண்டும் உண்மையே. ஒரு நாட்டின் அறிக்கையிலிருந்து முதல் வகை எண்ணையும் பிறிதொரு நாட்டின் அறிக்கையிலிருந்து இரண்டாம் வகை எண்ணையும் எடுத்து அருகருகே வைத்த கட்டுரைகளை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. அக்கட்டுரைகளின் முடிவுகளைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

யார் ஆசிரியர்?

கல்விக்கான பன்னாட்டுச் சீர்தர வகைப்பாடு, பள்ளிக்கல்விக்குப் பிந்தைய குறுங்காலப் பட்டயப் படிப்பு முதல் முனைவர் பட்டம் வரையிலான நான்கு நிலைகளையும் உயர்கல்வி என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. ஆகவே செவிலியர் பயிற்சி நிறுவனத்தில் கற்பிப்பவரும், ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் கற்பிப்பவரும், பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒரே தொகையில் அடங்குவர். பெரிய நாடுகளில் இக்கலவை ஓரளவு நிலைபெற்றிருக்கும். சிறு நாடுகளிலோ உயர்கல்வியே பெரும்பாலும் இப்பயிற்சி நிறுவனங்களிலிருந்து வளர்ந்தது. மாலத்தீவில் அரசு நடத்திய பள்ளிக்குப் பிந்தைய பயிற்சி நிறுவனங்கள் 1998இல் ஒரே கல்லூரியாக இணைக்கப்பட்டு, அக்கல்லூரி 2011இல் மாலத்தீவு தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. பூட்டானில் 2003இல் தோன்றிய அரச பல்கலைக்கழகம், பாரோ, சம்ட்சே ஆகிய இடங்களில் முன்பே இயங்கிய ஆசிரியர் கல்வி நிறுவனங்களையும் தன்னுள் கொண்டது. பெண்கள் மிகுதியாகப் பணியாற்றும் துறைகள் ஒரு நாட்டின் உயர்கல்வியில் பெற்ற இடமே அந்நாட்டின் விழுக்காட்டைப் பெரிதும் தீர்மானிக்கும்.

இதன் விளைவு எவ்வளவு திகைப்பூட்டக்கூடியது என்பதற்கு ஒரு கணக்கு. நூறு ஆசிரியர்கள் கொண்ட இரு கற்பனை நாடுகள். முதல் நாட்டில் செவிலியர், ஆசிரியர் பயிற்சித் துறைகளில் அறுபதின்மர். அவர்களுள் 45 பெண்கள். ஏனைய துறைகளில் நாற்பதின்மர். அவர்களுள் 10 பெண்கள். மொத்தம் 55 விழுக்காடு. இரண்டாம் நாட்டில் பயிற்சித் துறைகளில் இருபதின்மர், 16 பெண்கள். ஏனைய துறைகளில் எண்பதின்மர், 24 பெண்கள். மொத்தம் 40 விழுக்காடு. அட்டவணை முதல் நாட்டைப் போற்றும். துறைவாரியாகப் பார்த்தாலோ பயிற்சித் துறைகளில் 75க்கு எதிராக 80, ஏனைய துறைகளில் 25க்கு எதிராக 30 என இரண்டாம் நாடே இரு பிரிவுகளிலும் பெண்களுக்குக் கூடுதல் இடம் தந்துள்ளது. மொத்த விழுக்காட்டை மட்டும் நோக்கும் ஆய்வாளர் முற்றிலும் தலைகீழான முடிவுக்கு வருவார்.

பதவிநிலையையும் இவ்வாறே பிரித்து நோக்க வேண்டும். 2018ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் கல்விப் பணியாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 42 விழுக்காடு. உச்சப் பேராசிரியர் நிலையில் 26. இந்தியாவில் 2018-19இல் மொத்தத்தில் 42.2, பேராசிரியர் நிலையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. செல்வநிலையால் பெரிதும் வேறுபட்ட இரு நிலப்பரப்புகள் இவ்வளவு நெருங்கி நிற்பது வியப்புக்குரியது. தமிழ்நாட்டில் இப்படிநிலைக்குக் கீழே இன்னொரு படியும் உண்டு. அரசுக் கல்லூரிகளில் ஆண்டுக்குப் பதினொரு மாதத் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர்கள் இல்லாமல் வகுப்புகள் நடைபெறா. தலைக்கணக்கில் இவர்களும் ஒருவர்க்கு ஒருவராகவே எண்ணப்படுவர். ஆகவே பெண்களின் பங்கு உயர்ந்தது என்ற செய்தியைக் கேட்டவுடன், எப்பதவியில் உயர்ந்தது என்று கேட்பது குறைகாணல் ஆகாது.

சிறுமை காரணமா?

2018-19ஆம் ஆண்டு அறிக்கையின்படி கேரளம், பஞ்சாப், அரியானா, சண்டிகர், மேகாலயா, நாகாலாந்து, தில்லி, கோவா ஆகியவற்றில் ஆண்களைவிடப் பெண் ஆசிரியர்களே மிகுதி. பீகாரில் 21 விழுக்காடு மட்டுமே. இப்பட்டியலில் கோவா (2011இல் 14.58 இலட்சம் மக்கள்), நாகாலாந்து, சண்டிகர் போன்ற சிறு பகுதிகள் மிகுந்திருப்பதைக் கொண்டு, சிறிய நிலப்பகுதிகளில் பெண்கள் எளிதில் முன்னேறுகின்றனர் என்று முடிவு கட்டுவோர் உளர். கேரளமும் பஞ்சாபும் சிறியவை அல்ல என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சிறிய அலகுகள் பட்டியலின் உச்சியில் மட்டுமன்றி அடியிலும் மிகுதியாக இடம்பெறும் என்பது எண்ணியலின் பொது இயல்பு. உச்சியில் உள்ளவற்றை மட்டும் நாம் நினைவில் கொள்கிறோம்.

தமிழ்நாட்டின் நிலைக்கு வரலாற்றுக் காரணம் ஒன்றுண்டு. சென்னையில் 1914இல் பின்னாளில் இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்ற மகளிர் கல்லூரியும், 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியும், 1948இல் மதுரையில் டோக் பெருமாட்டி கல்லூரியும் தோன்றின. பெண்கள் கற்கத் தனிக் கல்லூரி என்பது பெண்கள் கற்பிக்கத் தனிப் பணியிடம் என்றும் பொருள்பட்டது. அரசுப் பணிகளில் மகளிர்க்கு 30 விழுக்காட்டு ஒதுக்கீடு 1989இல் வந்ததற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இவ்வழி திறந்துவிட்டது. ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைக் கொண்ட தீவு நாட்டுக்கு இத்தகைய வழி இல்லை. எனவே தமிழ்நாட்டின் விழுக்காட்டையும் மாலத்தீவின் விழுக்காட்டையும் நேருக்கு நேர் வைப்பது, இருவேறு வகையில் உருவான எண்களை ஒப்பிடுவதாகும்.

நிறுவனம் நிற்கும் இடமும் பெண்ணின் ஊரும்

மேற்கூறிய சிக்கல்கள் யாவும் கணக்கியல் அறிந்தோர் ஒருவாறு அறிந்தவையே. அவற்றினும் ஆழமான ஒன்று உண்டு. தென் பசிபிக் பல்கலைக்கழகம் 1968இல் நிறுவப்பட்டது. பிசி, சமோவா, தொங்கா, துவாலு, கிரிபாட்டி உள்ளிட்ட பன்னிரண்டு நாட்டு நிலப்பகுதிகளின் பொதுச் சொத்து அது. அதன் முதன்மை வளாகம் பிசியின் தலைநகர் சுவாவில் உள்ளது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகமும் 1948 முதல் பல தீவுகளுக்குப் பொதுவாக இயங்குகிறது. துவாலுவில் பிறந்த பெண் ஒருவர் சுவாவில் விரிவுரையாளரானால் அவர் பிசி நாட்டு வளாகத்தின் ஆசிரியராகவே எண்ணப்படுவார். அவர் புறப்பட்ட தீவின் கணக்கில் அவர் இல்லை. உயர்கல்விப் புள்ளியியல் எண்ணுவது கட்டடம் நிற்கும் இடத்தை. பெண் வந்த இடத்தை அன்று.

இந்த உண்மையை மனத்தில் கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் வருவோம். ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. ஒரே நீரில் வலை வீசும் மக்கள் இரு மாநில அட்டவணைகளில் பிரிந்து கிடக்கின்றனர். ஏரிக்கரைக் குப்பங்களில் கல்லூரி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஏறத்தாழ 20 கி.மீ. பேருந்தில் சென்று பொன்னேரியை அடைய வேண்டும். அங்கே உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி உள்ளது. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்றும் உள்ளது. பொன்னேரிக்கு அடுத்த நிலையமான கவரைப்பேட்டைப் பக்கம் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அனுப்பம்பட்டு ஏரிக்கரையில் இல்லை; சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே, ஏரிப்புற ஊர்களின் பின்னிலத்தில் உள்ள சிறு நிலையம். காலையில் வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டியில் சென்னையிலிருந்து கற்பிக்க வரும் பெண்கள் அந்நிலையத்தைக் கடக்கின்றனர். தெற்கு நோக்கிய வண்டியில் இவ்வட்டாரப் பெண்கள் சென்னைக்குக் கற்கவும் வேலைக்கும் போகின்றனர். கல்லூரி வாரியான கணக்கு முதல் வண்டியில் வருவோரைப் பொன்னேரியின் பெண் ஆசிரியர்களாகப் பதிவு செய்யும். பொன்னேரிக் கல்லூரிகளில் பெண் ஆசிரியர் பங்கு எவ்வளவு உயர்ந்திருப்பினும், அதிலிருந்து குப்பத்துப் பெண் ஒருத்தி அப்பணியை எட்டினாளா என்பதை அறிய வழியில்லை.

எண்ணிக்கையில் யார் இடம்பெறுவர் என்பது இவ்வூர்களுக்குப் புதிய வினா அன்று. ஏரியின் மீன்பிடி இடங்களைச் சுழற்சி முறையில் பங்கிட்டுக் கொள்ளும் ‘பாடு’ என்னும் மரபு இங்கே நெடுங்காலமாக உள்ளது. மீன்வள ஆய்வாளர் பலர் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். பாட்டில் பங்கு பெறும் உரிமை ஆண்களுக்குரியது. மீனைக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணும், இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணும் ஏரியால் வாழ்ந்தும் அப்பங்கீட்டுக் கணக்கில் இல்லை. ஊர்க் கணக்கு பெண்ணின் உழைப்பை விடுகிறது. கல்லூரிக் கணக்கு பெண்ணின் ஊரை விடுகிறது.

விடுபடுவதன் விலை சிறிதன்று. 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்திய சராசரி 28.4. 2022 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் நடைமுறையில் உள்ளது. கல்லூரியின் வாயில் வரை வந்து சேரும் பாதை இவ்வாறு அகன்றுள்ளது. வாயிலிலிருந்து ஆசிரியர் மேசை வரை உள்ள தொலைவோ இளங்கலை மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டு, அதன்பின் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வு, பலருக்கு முனைவர் பட்டம் எனப் பத்தாண்டையும் தாண்டுவது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்ட ஆய்வில் பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பையும் இரண்டாண்டுக் கால நீட்டிப்பையும் அனுமதித்தன. இவ்வழியில் எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகின்றனர் என்பதை ஊர்வாரியாக அறியாமல், நிறுத்தம் நேரும் இடத்தில் உதவியை வைக்க இயலாது.

தமிழ்ப் பதிவுகளில் பெண்ணைத் தேடுதல்

ஊர்வழியாக எண்ணுவதாயின் சான்று எங்கே என்பது அடுத்த வினா. இரு பதிவுகள் பயன்படக்கூடும். குடும்பத்தில் முதலில் பட்டம் பெறப் போகும் மாணவர்க்கு வருவாய்த்துறை வழங்கும் முதல் பட்டதாரிச் சான்று ஒன்று; மீனவர் நல வாரியம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு வழங்கும் கல்வி உதவித்தொகை மற்றொன்று. இரண்டும் கல்லூரியின் இடத்தைப் பற்றாமல் குடும்பத்தின் இடத்தைப் பற்றி நிற்பவை. பெயர்களை வெளியிடாமல், ஊர், ஆண்டு, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் பெற்றுத் தொடர்ந்தால் போதும்.

தமிழ்த்துறையினர் கைக்கொள்ளத்தக்க வேறொரு சான்றும் உண்டு: ஆய்வேடுகள், கருத்தரங்கக் கோவைகள், கல்லூரி ஆண்டறிக்கைகள். ஆனால் இங்கே நம் மொழியே ஒரு திரையை விரிக்கிறது. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கினால் வந்த உயர்வுச் சொல் என்றும் இலக்கண மருங்கில் அது நெறியன்று என்றும் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும். அவ்வழக்கே இன்று நெறியாகிவிட்டது. ஆசிரியர், பேராசிரியர், முனைவர் என்னும் ரகர ஈற்றுச் சொற்கள் பால் காட்டா. ஆசிரியை, பேராசிரியை என்பன வழக்கில் உள்ளவையே எனினும் அச்சுப் பட்டியல்களில் அருகியே வரும். முனைவர் என்னும் அடை வந்தவுடன் திருமதி, செல்வி என்னும் பழைய அடைகள் நீங்கிவிடுகின்றன. மணநிலையைப் பெயருக்கு முன் ஒட்டாத அம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. பெண்களை எண்ண முற்படுபவருக்கு மட்டும் அது தடை. பெயரைக் கொண்டு உய்த்துணரலாம் எனின், தனித்தமிழ்ப் பெயர்கள் தமிழ்த்துறையிலேயே மிகுதி: அருள்மொழி, தமிழ்மணி, தங்கம், இன்பம் ஆகிய பெயர்கள் இருபாற்கும் உரியன. இப்பெயர்களைக் கொண்டு மட்டும் ஒரு பட்டியலில் பெண்களின் எண்ணிக்கையை உறுதி செய்ய முயல்வோர் சில இடங்களில் ஊகத்தையே தரவாக்கிவிடுவர்.

பெயரின் முதலெழுத்து இன்னொரு சிக்கலைத் தருகிறது. மணத்திற்கு முன் தந்தையின் பெயர் முதலெழுத்தைக் கொண்டு முதுகலை ஆய்வேடு அளித்த பெண், மணத்திற்குப் பின் கணவரின் பெயர் முதலெழுத்தைக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்திருக்கலாம். பட்டியலை இணைப்பவர் ஒருவரை இருவராக எண்ணுவார். அல்லது முதல் பெயருக்குரியவர் இடையில் படிப்பை நிறுத்தியவர் என்றும், இரண்டாம் பெயருக்குரியவர் எங்கிருந்தோ வந்தவர் என்றும் கொள்வார். சென்னைக் கல்லூரி ஒன்றின் ஆண்டறிக்கையில் கௌரவ விரிவுரையாளராகக் காணப்படும் பெயரும், ஏரிப்புறப் பள்ளியொன்றின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் வேறு முதலெழுத்துடன் காணப்படும் பெயரும் ஒருவருடையவையா என்பதை எந்தக் கணினித் தேடலும் சொல்லாது. அவ்வூருக்குச் சென்று வீட்டில் கேட்டே அறிய முடியும்.